லா ரோஷெல்லில் மூன்று வாரம்: மகளின் பிரெஞ்சுக்கு ஊர் தேடிய அனுபவம்

2025 பெப்ரவரியில் ஒரு ஞாயிறு. லண்டனில் எங்கள் சமையலறையில் நின்றபடி மகள் பாரிஸில் இருக்கும் சித்தியின் பிள்ளைகளோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலமும் தமிழும் கலந்து ஓடும் வழக்கமான பேச்சு. அன்றைக்கு அங்கே பெரியவள் விளையாட்டாக ஏதோ பிரெஞ்சில் கேட்டாள். மகள் “என்ன?” என்றாள். திரும்பக் கேட்டாள். மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. கேட்கப்பட்டது இவ்வளவுதான்: நீ எப்போது வருகிறாய் என்று தெரியுமா?

மகள் அப்போது ஐந்தாவது வருடமாகப் பள்ளியில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தாள். மாதிரிப் பரீட்சையில் ஒன்பதுக்கு 8 எடுத்திருந்தாள். ஜூனில் ஜிசிஎஸ்இ என்ற 16 வயதுப் பொதுப் பரீட்சை, செப்டம்பரில் தொடங்கும் ஏ லெவல் என்ற மேல்வகுப்புக்கும் பிரெஞ்சு என்று முடிவாகியிருந்தது. அன்றிரவு “ஒரு சொல்லும் விளங்கேல்லை அம்மா, நான் இவ்வளவு நாளும் என்னத்தைப் படிச்சன்?” என்று அழுதாள். அந்தக் கேள்வியிலிருந்துதான் எங்கள் தேடல் தொடங்கியது. ஊர் எது என்ற கேள்வி வெகு பின்னால்தான் வந்தது. அதே நிலையில் நிற்கும் பெற்றோர் சிலர் கேட்டதால், நடந்ததை முழுவதும் எழுதுகிறேன்.

எது தெரியவில்லை என்பதைக் கண்டுபிடித்தது

முதலில் அவளுக்கு எங்கே இடிக்கிறது என்று பார்த்தோம். இலக்கணம் தெரியும். சொற்கள் தெரியும். தயார் செய்த தலைப்பில் இரண்டு நிமிடம் நிற்காமல் பேசுவாள். எதிரே இருப்பவர் எதிர்பாராத ஒரு கேள்வி கேட்டால் நின்றுவிடுவாள். அதைவிடப் பெரிய சிக்கல் காதில் இருந்தது. புத்தகத்தில் ‘எனக்குத் தெரியாது’ என்பதற்கு ‘ஜு ந சே பா’ என்று நான்கு அசையாகப் படித்தவள், வீட்டில் பிரெஞ்சுப் பிள்ளைகள் ‘ஷே பா’ என்று இரண்டே அசையில் சொல்வதைக் கேட்டதே இல்லை. ‘இருக்கிறது’ என்பதற்கு ‘இல் யா’ என்று படித்தாள். வாயில் வருவது வெறும் ‘யா’. ‘உன்னிடம் இருக்கிறது’ என்பது ‘தூ ஆ’ என்று எழுதப்படும், சொல்வது ‘தா’. எதிர்மறையில் வரும் ‘ந’ பேச்சில் பெரும்பாலும் காணாமலே போய்விடும்.

தமிழர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. எழுத்துத் தமிழ் மட்டும் படித்த ஒரு வெளிநாட்டவரைச் சுன்னாகம் சந்தையில் கொண்டுபோய் நிறுத்துங்கள். ‘அவர் வந்துகொண்டிருக்கிறார்’ என்று படித்தவருக்கு ‘வாறார்’ எப்படி விளங்கும்? பிரெஞ்சிலும் எழுத்துக்கும் பேச்சுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. எங்களுடையதைப் போல அகலமில்லை, ஆனால் தாண்டித்தான் ஆக வேண்டும். பள்ளி வகுப்பு ஒரு கரையை நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தது. மறுகரையில் அவளோடு யாரும் கதைத்ததில்லை.

ஆகவே அவளுக்கு இன்னொரு வகுப்பு முதல் தேவையாக இருக்கவில்லை. தினமும் பல மணி நேரம், அவள் வயதையொட்டிய பிரெஞ்சுப் பிள்ளைகள் தங்களுக்குள் கதைக்கும் மொழி காதில் விழ வேண்டும். அவளும் பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலை வேண்டும். இதை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினோம். பிறகு பார்த்த ஒவ்வொரு ஊரையும் அந்தத் தாளோடு வைத்துத்தான் அளந்தோம்.

ஊருக்கு முன் தேதி

பலர் ஊரைப் பிடித்துவிட்டுத் தேதியைத் தேடுகிறார்கள். பள்ளி விடுமுறை என்றால் ஆகஸ்ட் என்று கை தானாகவே போகிறது. பிரான்ஸில் ஆகஸ்ட் என்பது ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும் மாதம். 15ஆம் தேதி அரச விடுமுறை; அதையொட்டிப் பேக்கரிகூட ‘வருடாந்த மூடல்’ என்று தாள் ஒட்டியிருக்கும். பிள்ளைகள் தாத்தா பாட்டி வீட்டிலோ முகாமிலோ இருப்பார்கள். மாணவரை வீட்டில் ஏற்கும் நல்ல குடும்பங்களும் விடுமுறையில் போய்விடுகின்றன.

ஜிசிஎஸ்இ எழுதும் பிள்ளைக்கு மட்டும் ஒரு வாய்ப்பு உண்டு. ஜூன் கடைசி வாரத்தில் அவர்கள் முழுவதும் விடுபட்டுவிடுகிறார்கள். மற்ற வகுப்புகளுக்கு இங்கிலாந்தில் ஜூலை பின்பகுதி வரை பள்ளி இருக்கிறது. பிரான்ஸில் 2025 கோடை விடுமுறை ஜூலை 5 அன்று தொடங்கியது. லிசே என்ற மேல்நிலைப் பள்ளிகள் பாக்கலோரேயா என்ற இறுதிப் பரீட்சைக்காக அதற்கு முன்பே காலியாகிவிடும். ஆனால் கொலேஜ் என்ற நடுநிலைப் பள்ளியின் பிள்ளைகளும் சின்னப் பிள்ளைகளும் அதுவரை பள்ளிக்குப் போவார்கள், வீடுகள் வழக்கமான ஓட்டத்தில் இருக்கும். ஜூன் 28 சனிக்கிழமை போய் ஜூலை 19 சனிக்கிழமை திரும்பினால், முதல் வாரம் அன்றாட வாழ்க்கையும் அடுத்த இரண்டு வாரம் விடுமுறை வாழ்க்கையும் கிடைக்கும். ஒருவேளை பரீட்சை தள்ளிப்போனால் எழுதுவதற்கென்று பரீட்சைச் சபைகள் ஒரு மேலதிக நாளை ஒதுக்கிவைக்கின்றன. அந்த ஆண்டு அது ஜூன் 25. அதற்குப் பிந்திய நாளுக்கே பயணச்சீட்டு எடுக்க வேண்டும் என்று அவளுடைய ஆசிரியர் நினைவூட்டியது நல்லதாகப் போயிற்று.

ஒரே ஒரு குறை: ஜூலை 14 அந்த ஆண்டு திங்கட்கிழமை. தேசிய நாள், வகுப்பு இல்லை. பல பள்ளிகள் அந்த நாளுக்குப் பணம் குறைப்பதும் இல்லை, வேறு நாளில் ஈடு செய்வதும் இல்லை. நாங்கள் தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டோம்.

பார்த்த ஊர்கள்

முதலில் பாரிஸ். இது மூளையோடு நடந்த வாதமே இல்லை, மனதோடு நடந்தது. தங்கச்சி வீடு பாரிஸின் புறநகரான லா கூர்நெவில். விஷயத்தைச் சொன்ன உடனேயே, “அக்கா, ஏன் காசைக் கொட்டுறியள்? பிள்ளை இஞ்ச வரட்டும். நான் பாக்கிறன்” என்றாள். லண்டனிலும் பாரிஸிலும் பிரிந்து வாழும் எங்கள் குடும்பங்கள் பலவற்றில் இந்தப் பேச்சு வந்தே தீரும். சொந்தச் சித்தி வீட்டை விட்டுவிட்டு முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் பெண் பிள்ளையை இருத்துவதா என்று அம்மாவும் கேட்டார்.

நான் ஒரு நாளை மணிக்கணக்காக எழுதிப் பார்த்தேன். தங்கச்சி வீட்டில் காலை முதல் இரவு வரை தமிழ். சனிக்கிழமை லா ஷப்பல். கார் து நோர் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் தமிழ்க் கடைகள், ரூ பஜோலில் மாணிக்க விநாயகர் ஆலயம். அங்கே ஒரு பிரெஞ்சுச் சொல்கூடப் பேசாமல் முழு நாளையும் கழிக்கலாம். அவளுடைய பிள்ளைகள் தங்களுக்குள் அசல் பிரெஞ்சு கதைக்கிறார்கள், அது உண்மை. ஆனால் என் மகளோடு அவர்களுக்குப் பழகிப்போன மொழி வேறு. இரண்டு பேருக்கிடையே ஒருமுறை ஒரு மொழி படிந்துவிட்டால் மாற்றுவது லேசில்லை. தங்கச்சியிடம் இதைச் சொன்னபோது கொஞ்சம் கோபப்பட்டாள். கடைசி மூன்று நாள் உன் வீட்டில்தான், அப்போது பார்ப்போம் என்று ஒப்புக்கொள்ள வைத்தேன்.

அடுத்தது நீஸ், கான், அன்தீப் என்ற தெற்குக் கடற்கரை. இளையோர் முகாம்கள் நிறைய, படங்கள் அழகு. விடுதியில் தங்குதல், காலையில் வகுப்பு, மாலையில் கடல். அங்கே வரும் பிள்ளைகள் இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனி, இங்கிலாந்து என்று பல நாட்டவர். இவர்கள் சேர்ந்து விளையாடும்போது பொதுமொழியாவது ஆங்கிலம். என் மகளுக்குத்தான் அங்கே எல்லோரையும்விட நல்ல ஆங்கிலம் இருக்கும். மற்றவர்கள் அவளிடம் ஆங்கிலம் பழகிவிட்டுப் போவார்கள். அந்த வகை முகாம் எந்த ஊரில் இருந்தாலும் வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தோம்.

தெற்கின் உச்சரிப்பைப் பற்றிச் சிலர் பயமுறுத்தினார்கள். அதை நான் பொருட்படுத்தவில்லை. தெற்கில் சொல்லின் கடைசியில் வரும் ஊமை ‘எ’ ஒலிக்கும். வடக்கில் ஒரே அசையாக முடியும் சொல் அங்கே இரண்டு அசை ஆகும். நாங்கள் ‘பஸ்’ஸை ‘பஸ்ஸு’ என்று முடிப்பது போன்ற ஒரு காரியம்தான். ரொட்டி என்ற சொல் ‘பங்’ என்று லேசாக மூக்கில் இழுபடும். மூன்று வாரத்தில் ஒரு பிள்ளையின் உச்சரிப்பு கெட்டுப்போகாது. பலவிதமாகக் கேட்பது காதுக்கு நல்லது.

அந்தப் பேச்சின் மறுபக்கம்தான் தூர். ‘மிகத் தூய பிரெஞ்சு பேசும் ஊர்’ என்று பிரெஞ்சு ஆசிரியர்களே சொல்லும் ஊர். லுவார் ஆற்றங்கரையில் அரசர்கள் மாளிகை கட்டி வாழ்ந்த காலத்திலிருந்து வரும் பெயர். வெளிநாட்டவருக்குப் பிரெஞ்சு கற்பிக்கும் தூரேன் கல்விக்கூடம் அங்கே 1912இல் தொடங்கியது. ஒரு நூற்றாண்டுப் பழக்கம் உள்ள ஊர். பாரிஸ் மோன்பர்னாஸிலிருந்து வேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். மனதில் வெகுநாள் இது முதலிடத்தில் இருந்தது. ஒரு பெரியவர் மூன்று மாதம் படிக்கப் போகிறார் என்றால் இன்றைக்கும் தூரைத்தான் சொல்வேன். எங்கள் தாளோடு வைத்துப் பார்த்தபோது ஒரு கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை: பகல் ஒரு மணிக்கு வகுப்பு முடிந்த பிறகு 16 வயதுப் பெண் யாரோடு இருப்பாள்? பல்கலைக்கழக மாணவர்கள் கோடைக்கு ஊருக்குப் போய்விடுவார்கள். அவள் வயதுப் பிரெஞ்சுப் பிள்ளைகள் கூடும் இடம் எதையும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

விஷியில் 1964 முதல் இயங்கும் காவிலாம் என்ற மொழிப்பள்ளி, பெசான்சோனில் 1958இல் தொடங்கிய பயன்பாட்டு மொழியியல் மையம் இரண்டும் பெயர் பெற்றவை. அதே கேள்விதான் அங்கேயும் நின்றது. மோன்பெலியே இருபது வயதுக்காரர்களின் ஊர். அன்சி ஏரியின் அழகுக்கு உலகமே வருகிறது, அதுவே தடை. சான்-மாலோ இரண்டாம் இடம் வரை வந்தது. பாய்க்கப்பல் பழக அருமையான கடல். போர்ட்ஸ்மத்திலிருந்து நேரே கப்பல் வருவதால் அங்கே ஆங்கிலம் காதில் விழுந்துகொண்டே இருக்கும் என்று தயங்கினோம்.

மேற்குக் கரைத் துறைமுக ஊரான லா ரோஷெல் பட்டியலில் இருக்கவே இல்லை. மகளின் பழைய டியூஷன் ஆசிரியை, பிரெஞ்சுக்காரர், பேச்சுவாக்கில் சொன்னார்: “பிரெஞ்சுக்காரர் விடுமுறைக்குப் போகிற ஊருக்கு அனுப்புங்கள்.” அந்த ஒரு வரி எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. வெளிநாட்டவர் பார்க்கப் போகும் ஊரும் பிரெஞ்சுக்காரர் ஓய்வுக்குப் போகும் ஊரும் வேறு வேறு. அத்லாந்திக் கரையோரம் அவர்களுடையது. லா ரோஷெல்லில் ஆங்கிலேயரும் உண்டு, விமான நிலையமும் உண்டு. இருந்தாலும் ஜூலைத் தொடக்கத்தில் அங்கே கடலுக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பிள்ளைகள். மேலும் 80,000க்கும் குறைவான மக்கள் வாழும், தனியே சைக்கிளில் சுற்றக்கூடிய ஊர். பொதுச் சைக்கிள்களை 1970களிலேயே தெருவில் விட்ட ஊர் அது. மோன்பர்னாஸிலிருந்து மாறாமல் ஒரே ரயில். ஏறத்தாழ இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம்.

முடிவை எடுத்துக்கொடுத்தது பாய்க்கப்பல். பிரான்ஸின் கடலோர ஊர்களில் கோடையில் வாரக்கணக்கில் ‘ஸ்தாஜ் து வுவால்’ நடக்கும்: திங்கள் முதல் வெள்ளி வரை தினம் அரை நாள், உள்ளூர்ப் பிள்ளைகளும் விடுமுறைக்கு வந்த பிள்ளைகளும் சேர்ந்து பாய்க்கப்பல் பழகுவார்கள். அது மொழிப்பள்ளி இல்லை. அங்கே வெளிநாட்டவருக்கென்று யாரும் மெதுவாகப் பேச மாட்டார்கள்.

திரும்ப மணிக்கணக்குப் போட்டேன். காலையில் வகுப்பு வாரத்துக்கு 15 மணி. பாய்க்கப்பல் தினம் 3 மணி என்றால் 15. வீட்டுச் சாப்பாட்டு மேசை ஒரு நாளைக்கு ஒன்றரை மணி என்று வைத்தால் வாரத்துக்குப் பத்துக்கு மேல். மொத்தம் 40. இளையோர் முகாமுக்கு அதே கணக்கைத் தாராளமாகப் போட்டும் 20ஐத் தாண்டவில்லை.

பள்ளியைப் பிடித்த விதம்

ஊரில் உள்ள பள்ளிகளில் ‘கலிதே எஃப்எல்இ’ முத்திரை பெற்றவற்றை மட்டும் எடுத்தோம். வெளிநாட்டவருக்குப் பிரெஞ்சு கற்பிக்கும் நிலையங்களைச் சோதித்துப் பிரெஞ்சு அரசு 2007 முதல் தரும் முத்திரை அது. கற்பித்தல், ஆசிரியர் தகுதி, தங்குமிடம் எல்லாவற்றையும் நேரில் வந்து பார்க்கிறார்கள்.

கேள்விகளை மகளே பிரெஞ்சில் எழுதினாள். ஒரு பாடம் எத்தனை நிமிடம்? பெற்றோர் பலர் இதைக் கேட்பதில்லை. ‘வாரம் 20 பாடம்’ என்று போட்டிருக்கும். ஒரு பாடம் 45 நிமிடம் என்றால் அது 15 மணிதான். வகுப்பில் கூடியது எத்தனை பேர்? அந்த வாரங்களில் ஆங்கிலம் தாய்மொழியான மாணவர் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள்? வீட்டில் பிள்ளைகள் உண்டா? அதே வீட்டில் வேறு மாணவர் இருப்பாரா, அவர் என்ன மொழி? 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் இரவு எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும்? அவசரத்துக்கு இரவில் யார் போனை எடுப்பார்?

இரண்டு பள்ளிகள் விளம்பரத் தாளைத் திருப்பி அனுப்பின. ஒரு பள்ளி ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் எழுதியது, அதுவும் அவளுக்கு விளங்கும் பிரெஞ்சில். அதையே எடுத்தோம். ஆனால் ‘வேறு மாணவர் இருப்பாரா’ என்பதற்கு ‘இருக்கலாம்’ என்று வந்த பதிலை நான் மேலும் கிளறாமல் விட்டேன். அதன் விலையைப் பிறகு கொடுத்தோம்.

கடவுச்சீட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவளிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்ததால் விசா தேவைப்படவில்லை; 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ள பிள்ளைகளுக்கு ஷெங்கன் விசா வேண்டும், மாதக்கணக்கில் முன்கூட்டியே தொடங்க வேண்டும். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஒன்று, மருத்துவ அட்டை, பாய்க்கப்பல் நிலையத்துக்குப் பிள்ளைக்கு நீந்தத் தெரியும் என்ற உறுதிமொழி. கார் து நோரில் தங்கச்சி காத்திருந்து, 4ஆம் இலக்க மெட்ரோவில் மோன்பர்னாஸுக்கு அழைத்துப்போய் ரயிலேற்றிவிட்டாள். கையில் இடியப்பப் பொட்டலம்.

நடந்தவை

முதல் வாரம் கஷ்டமாக இருந்தது. அந்த நாட்களில் பிரான்ஸ் முழுவதும் வெப்ப அலை. ஜூலை 1ஆம் தேதி பாரிஸில் சிவப்பு எச்சரிக்கை. கடலோரம் என்பதால் மாலையில் காற்று வந்தது என்றாள். பகலில் அறை ஜன்னலைத் திறந்துவைத்தபோது வீட்டம்மா ஓடி வந்து ‘வொலே’யை, அதாவது மரக் கதவுகளை, இழுத்து மூடினாராம். வெயில் நேரத்தில் மூடி, இரவில் திறப்பது அவர்கள் வழக்கம். ‘கனிகுல்’ என்ற சொல்லை அன்றே கற்றாள், வெப்ப அலை. அந்த வாரம் சந்தையிலும் பேருந்திலும் எல்லோர் வாயிலும் அதே சொல்.

கஷ்டம் வெயிலால் வந்ததில்லை. பக்கத்து அறையில் இங்கிலாந்திலிருந்து வந்த இன்னொரு மாணவி இருந்தாள். நல்ல பிள்ளை. இரவானதும் இருவரும் ஆங்கிலத்தில் மூழ்கிவிட்டார்கள். தாளில் நான் போட்ட 40 மணி, பாய்க்கப்பலும் தொடங்காத அந்த முதல் வாரம் 20ஐக்கூடத் தொட்டிருக்காது. அந்தப் பிள்ளை ஒரு வாரத்துக்குத்தான் வந்திருந்தாள் என்பதால் சிக்கல் தானாகவே தீர்ந்தது. அடுத்து வந்த ஆஸ்திரிய மாணவியிடம் என் மகள் முதல் இரவே, “நாங்கள் பிரெஞ்சிலேயே கதைப்போமா?” என்று கேட்டிருக்கிறாள். அவளும் அதற்காகத்தான் வந்தவள்.

அந்த வீட்டில் 12 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவனைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். பெரியவர்கள் பிழையைக் கேட்டும் கேளாதது போல விடுவார்கள், பண்பு அது. அந்தப் பையன் ஒன்றையும் விடவில்லை. அவள் ஆண்பாலைப் பெண்பாலாக்கினால் சோற்றை மென்றபடியே திருத்துவான். வெள்ளிக்கிழமை வரை பள்ளிக்குப் போய்வந்து, எந்த ஆசிரியர் என்ன சொன்னார் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். ‘ஷே பா’வும் ‘யா’வும் ‘தா’வும் அவன் வாயிலிருந்துதான் அவள் காதுக்குள் இறங்கின. குடும்பம் தேடும்போது, வீட்டில் பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் ஒரு பிள்ளை இருக்கிறதா என்று கேளுங்கள். நான் கேட்டவற்றில் மிகப் பயன்பட்ட கேள்வி இதுதான்.

சாப்பாட்டைப் பற்றி நான்தான் அதிகம் கவலைப்பட்டேன். மாட்டிறைச்சி வேண்டாம் என்று முன்பே எழுதியிருந்தோம். ஒரு நாள் இரவு ‘மூக்லாத்’ வந்தது: மட்டிச் சிப்பியும் பாலாடையும் வெள்ளை வைனும் சேர்த்து அந்தப் பகுதியில் சமைக்கும் பண்டம். அதில் கறித்தூள் போடும் வழக்கம் உண்டு. துறைமுக ஊர், கப்பலில் வாசனைப் பொருள் வந்த ஊர். மூடியைத் திறந்ததும் எங்கள் வீட்டு வாசம் என்று சிரித்திருக்கிறாள். எங்கள் தூள் எப்படி இடிபடுகிறது, மல்லியும் மிளகாயும் ஏன் தனித்தனியாக வறுபட வேண்டும் என்று ஒரு மணி நேரம் பிரெஞ்சில் விளக்கினாளாம். ‘வறுத்தல்’ என்ற சொல் தெரியாமல் கையால் கிளறிக் காட்டினாளாம். அன்றிரவு போனில் அவள் குரலே வேறாக இருந்தது.

இரண்டாம் வாரம் பாய்க்கப்பல். வகுப்பு முடிந்ததும் பழைய துறைமுகத்திலிருந்து மினிம் படகுத்துறை வரை, சில நாள் சைக்கிள், சில நாள் மின்சாரத்தில் ஓடும் சிறு படகு. முதல் நாள் பயிற்றுநர் “எகூத்! எகூத்!” என்று கத்தியிருக்கிறார். ‘எகூத்’ என்றால் ‘கவனித்துக் கேள்’. மகள் அவர் முகத்தையே பார்த்துக் கவனித்துக்கொண்டிருந்தாள். அவர் இன்னும் பலமாகக் கத்தினார். பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்கும் பிரெஞ்சில் ‘எகூத்’ என்றே பெயர். “கயிறு! கயிறு!” என்று அவர் கத்த, இவள் கேட்டுக்கொண்டே இருக்க, படகு சரிந்து இருவர் தண்ணீரில். அந்த இருவரில் ஒருத்தியான போர்தோக்காரப் பிள்ளைதான் மீதி நாட்களின் தோழி. தண்ணீரிலிருந்து ஏறும்போதே இருவரும் சிரித்தார்களாம்.

அங்கே இன்னொன்றும் நடந்தது. ‘நீ’ என்ற ‘தூ’வும் ‘நீங்கள்’ என்ற ‘வூ’வும் ஆங்கிலப் பிள்ளைகளைக் குழப்பும் இடம், இவளுக்கு வீட்டிலேயே நீ, நீர், நீங்கள் மூன்றும் பழக்கம் என்பதால் கருத்து விளங்கும். ஆனால் பாய்க்கப்பலில் முதல் நாள் எல்லோரையும் ‘வூ’ என்றே கூப்பிட்டிருக்கிறாள், மரியாதையாக இருக்கட்டும் என்று. ஒரு பையன், “ஏன், நான் உனக்கு மாஸ்டரா?” என்ற மாதிரி கேட்டானாம். 16 வயதுக்காரர் தங்களுக்குள் முதல் நிமிடத்திலிருந்தே ‘தூ’. வீட்டம்மாவை ‘வூ’ என்று தொடங்கி, நான்காம் நாள் அவரே ‘தூ’ சொல்லச் சொன்னார். எப்போது மாறுவது, யார் முதலில் சொல்வது என்பதெல்லாம் புத்தகத்தில் வராது.

மூன்றாம் வாரப் பாய்க்கப்பலுக்கும் இடம் கேட்டாள். நிரம்பிவிட்டது. இரண்டு வாரத்துக்கும் சேர்த்து முன்பே பதிந்திருக்க வேண்டும். இது என் கணக்குப் பிழை. பதிலாக ரே தீவுக்குப் பாலம் வழியே சைக்கிளில் போனாள், ஃபிரான்கோஃபோலி இசை விழாவின் கூட்டத்தில் நின்றாள். ஏ லெவல் வாய்மொழிப் பரீட்சைக்கு மாணவர் தாமே ஒரு ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்து பேச வேண்டும். கார்டினால் ரிஷ்லியேயின் படைகள் 1627, 1628இல் லா ரோஷெல்லை முற்றுகையிட்டுப் புரட்டஸ்தாந்தரைப் பட்டினியால் பணியவைத்த கதையைத் துறைமுகக் கோபுரங்களின் கீழேயே கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டு வந்தாள். தலைப்பு அங்கேயே முடிவாகிவிட்டது.

என்ன மாறியது, என்ன மாறவில்லை

போகும் முன் ஜூனில் ஒரு சோதனை வைத்தோம். டியூஷன் ஆசிரியை போனில் கடைக்காரராக நடிப்பார். இவள் வாங்கிய சப்பாத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தயார் செய்த மூன்று வசனம் சொன்னாள். ‘ரசீது இல்லாவிட்டால் முடியாதே’ என்றதும் அமைதி. இரண்டு நிமிடத்துக்குள் ஆங்கிலத்துக்குத் தாவினாள். அதைப் பதிவு செய்து வைத்தோம்.

ஜூலைக் கடைசியில் அதே சோதனை, வேறு கதை. ஒன்பது நிமிடம் ஓடியது. ரசீது இல்லை என்ற இடத்தில், “அப்படியா, சரி, வேறு என்ன செய்யலாம்?” என்று கேட்டாள். தெரியாத சொல்லைச் சுற்றி வளைத்து விளக்கினாள். ஆசிரியை வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டியும் காது நின்றது. இடையிடையே ‘பாஹ்’, ‘ஆன்ஃபெத்’ என்று அந்தப் பையனின் நிரப்புச் சொற்கள் வந்து விழுந்தன.

எழுத்து மாறவில்லை. ஆண்பால் பெண்பால் பிழை முன்போலவே உண்டு, வினைத்திரிபில் தடுமாற்றமும் உண்டு. ‘ந’வை விட்டுவிட்டு எழுதும் புதுப் பழக்கம் ஒன்று கூடவே வந்து, செப்டம்பரில் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டம் போட்டார். எழுத்தில் முன்னேற்றம் வேண்டும் என்று அனுப்பும் பெற்றோருக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. அவர்களுக்குத் தூர் போன்ற ஊரில் வகுப்பு நேரத்தைக் கூட்டுவதே நல்லது.

நான் திரும்பச் செய்வதாக இருந்தால் இரண்டு விஷயத்தை மாற்றுவேன். வீட்டில் ஆங்கிலம் பேசும் மாணவர் இருக்கக் கூடாது என்பதை ‘இருக்கலாம்’ என்ற பதிலோடு விடாமல் எழுத்தில் வாங்குவேன். இரண்டாவது, இரவு போன். முதல் வாரம் தினமும் முக்கால் மணி எங்களோடு கதைத்தாள்; அந்த முக்கால் மணியில் அவள் தலை மறுபடி லண்டனுக்கு வந்துவிடும். இரண்டாம் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பத்து நிமிடம் என்று அவளே வைத்தாள். எனக்கு அது வலித்தது. ஆனாலும் சரிதான்.

ஜூலை 19 இரவு லா கூர்நெவில் சாப்பாட்டு மேசை. தங்கச்சி ஆட்டுக்கறியும் புட்டும் வைத்திருந்தாள். பிள்ளைகள் இருவரும் தங்களுக்குள் ஏதோ வேகமாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள், யார் யாருடைய சார்ஜரை எடுத்தது என்று. நடுவில் என் மகள் புகுந்து, அது சோபாவுக்குக் கீழே கிடக்கிறது, இப்போதுதான் பார்த்தேன் என்று பிரெஞ்சில் சொன்னாளாம். இருவரும் நிறுத்தி அவளைப் பார்த்தார்கள். பிறகு பெரியவள் அவளையும் சண்டைக்குள் இழுத்துவிட்டாள். தங்கச்சி சமையலறையிலிருந்து எனக்குப் போன் எடுத்து, ஒன்றும் சொல்லாமல், சத்தத்தை மட்டும் கேட்க விட்டாள்.